பல்லில்லாத் தள்ளையும் பதில் சொல்லும் குறத்தியும்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் "ஐயா, உங்க கட்டுரை ஒண்ணு வேணும்" என்று வந்து கேட்டபோது, தோல்பாவைக்கூத்தில் கம்பன் என்ற தலைப்பில் எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அது அடுத்த மலருக்கு ஆகட்டும். இப்போது எழுத உட்கார்ந்திருப்பது வேறொன்று. அதற்குக் காரணம் என் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஆறு மாதமாகத் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு முகமூடி.

என் தங்கை மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தபோது "மாமா, நீங்க கூத்து, வேஷம்னு எழுதுறீங்களே, இத வச்சுக்கோங்க" என்று கொடுத்தான். வெள்ளை வெளேரென்ற ஒரு பெண் முகம். நெற்றி அகன்று புடைத்திருக்கிறது. இரண்டு கன்னமும் பணியாரம் போல உப்பி, நடுவில் மூக்கு இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. கண்கள் சிரிப்பில் இடுங்கிப் போயிருக்கின்றன. வாய் சின்னஞ்சிறு சிவப்புப் பொட்டு. ஒகமே என்று பெயராம். ஒதஃபுகு என்றும் சொல்வார்களாம்.

பக்கத்து வீட்டுச் சேச்சி உள்ளே வந்ததும் அதைப் பார்த்துவிட்டு, "இது நம்முடெ கும்மாட்டித் தள்ளயல்லே மாஷே?" என்றார். சாயலில் இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒன்று இளமை, மற்றது முதுமை. ஆனாலும் அவருடைய கண் எதையோ சரியாகப் பிடித்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்திருந்த என் அம்மா சொன்னது வேறு: "யாருல இவ? சிரிச்சுக்கிட்டே இருக்கா, வாயத் தொறக்க மாட்டேங்கா?"

அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மூணாறு லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலாகக் கொழுந்து எடுத்தவர். நான் வேலை கிடைத்துப் பாலக்காட்டுக்கு இறங்கியதும் கொஞ்ச நாளில் அவரையும் அழைத்து வந்தேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு நம் ஆண்டு விழாவில் இளைஞர் அணியினர் பத்து நிமிட நகைச்சுவை நாடகம் ஒன்று போட்டது பலருக்கும் நினைவிருக்கும். ஒரு பையன் அட்டையில் செய்த முகமூடி மாட்டி எஸ்டேட் கிழவியாக வந்தான். கறுத்த முகம், முன்னால் நீட்டிய பல், வெற்றிலைச் சாறு வழியும் வாய், இடுப்பில் படங்கு, முதுகில் கொழுந்துக் கூடை. கிழவி ஓர் ஆபீசுக்குப் போகிறாள். மலையாளம் வரவில்லை. எதைக் கேட்டாலும் ஏறுமாறாகப் புரிந்துகொள்கிறாள். அதிகாரி ஏசுகிறார், பியூன் விரட்டுகிறார், கிழவி தடுமாறி விழுந்து எழுந்து ஓடுகிறாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்லக்கூடாது. முன்வரிசையில் இருந்த அம்மாவும் சிரித்தார். ஆட்டோவில் வீடு திரும்பும்போது கேட்டார்: "அந்தக் கெழவி கடைசில என்னல சொன்னா? எனக்குக் காது கேக்கல." "ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். "ஒண்ணும் சொல்லாமயா போயிட்டா?" என்று ஆச்சரியப்பட்டார். கோபமெல்லாம் இல்லை, வெறும் ஆச்சரியம்தான்.

அந்த ஆச்சரியத்தை ஓராண்டாக மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒகமே வந்து சேர்ந்ததும் அதற்கு ஓர் உருவம் கிடைத்தது போலாயிற்று.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறார். அது பிறப்பதற்கு நான்கு இடங்கள் காட்டுகிறார். அவற்றில் முதலாவது எள்ளல். நமக்கு எள்ளல் என்றால் ஒருவன் இன்னொருவனைக் கிண்டல் செய்வது, அவ்வளவுதான். உரையாசிரியரான பேராசிரியர் அதோடு நிற்கவில்லை. எள்ளலில் இரண்டு வகைச் சிரிப்பு உண்டு என்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரிப்பது இன்னொன்று. எள்ளப்பட்டவரும் சிரிக்கும் அந்த இரண்டாவது இடம் நகைச்சுவை வேடங்களை எடைபோடுவதற்கு எனக்குக் கிடைத்த நல்ல தராசு. ஒரு வேடத்தைப் பார்த்து நாம் சிரிக்கிறோமா என்பது பெரிய கேள்வியில்லை. அந்த வேடத்துக்குள் இருக்கிறவளுக்கும் சிரிக்க இடம் விட்டிருக்கிறார்களா? நம் எல்லைப்புறத்தில் வழங்கும் பெண் வேடங்களை இந்தத் தராசில் வைத்துப் பார்க்க ஆசை. முதலில் வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கவனித்துவிடுவோம்.

ஒகமே நாட்டுப்புற ஆட்டங்களில் வருகிற முகமூடி. கோயில் விழாக்களில் ஆடும் காகுரா ஆட்டத்தில், வாயைக் குழல்போல் குவித்து ஒரு பக்கமாகக் கோணிய ஹியொத்தொகோ என்ற கோமாளி ஆணோடு ஜோடியாக வருவாள். பெயரிலேயே நல்லதிர்ஷ்டம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நவம்பர் மாதச் சந்தைகளில் வியாபாரிகள் வாங்கிப்போய்க் கடையில் மாட்டும் மூங்கில் வாரிகளில் அவள் முகம் சிரிக்கும். அதே பெயரைச் சொல்லி ஒரு பெண்ணை அழைத்தால் வசவு. அழகில்லாதவள் என்று பொருள். மங்கலமும் வசவும் ஒரே முகத்தில்! நம் ஊரில் லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டு மூதேவி என்று திட்டுகிறோமே, ஏறக்குறைய அதுபோல.

இவளுக்கு மூலமாகச் சொல்லப்படுகிறவள் அமே-நோ-உசுமே என்ற தேவதை. கி.பி. 712இல் தொகுக்கப்பட்ட கொஜிகி என்னும் பழைய நூலில் கதை இருக்கிறது. சூரிய தேவி கோபித்துக்கொண்டு குகைக்குள் போய்க் கதவடைத்துக்கொள்கிறாள். உலகம் இருண்டுவிடுகிறது. தேவர்கள் கெஞ்சியும் பயனில்லை. உசுமே ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேலேறித் தொம் தொம்மென்று மிதித்து, ஆடை நெகிழ ஆடுகிறாள். கூடியிருந்த தேவர்கள் அத்தனை பேரும் வெடித்துச் சிரிக்கிறார்கள். வெளியே என்ன சிரிப்பு என்று சூரிய தேவி எட்டிப் பார்க்க, வெளிச்சம் திரும்புகிறது. இங்கே பெண்ணும் சிரிக்க வைக்கிறாள், சிரிப்பால் ஒரு காரியமும் நடக்கிறது. பாலக்காட்டுக்காரர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. நம் பக்கத்துக் கூத்துமாடங்களில் தோல்பாவை ஆடுவது பகவதி பார்ப்பதற்காக என்பது ஐதீகம். தேவியே பார்வையாளராக இருப்பது நமக்குப் பழகிய விஷயம்.

ஆனால் அந்த உசுமேயின் துடுக்கு ஒகமே வரைக்கும் வந்து சேர்ந்ததா? கியோட்டோ நகரில் சென்பொன் ஷாகதோ என்று மக்கள் அழைக்கும் கோயில் இருக்கிறது. அதன் பெரிய மண்டபம் 1227இல் கட்டப்பட்டது. தலைமைத் தச்சர் நான்கு முக்கியத் தூண்களில் ஒன்றைத் தவறுதலாகக் குட்டையாக அறுத்துவிட்டார். மனைவி ஒகமே, மற்றத் தூண்களையும் அதே அளவுக்கு அறுத்து மேலே தாங்குகட்டை வைத்து உயரத்தைச் சரிசெய்யலாமே என்று யோசனை சொன்னாள். மண்டபம் நின்றது. ஒரு பெண் சொல்லித்தான் வேலை முடிந்தது என்று தெரிந்தால் கணவருக்கு இழுக்கு என்று எண்ணி, முகடேற்றும் நாளுக்கு முன்பே அவள் உயிரை விட்டாள். கணவர் அவள் முகத்தை முகமூடியாகச் செய்து முகட்டில் வைத்தார். கோயில் சொல்லும் வரலாறு இது. இன்றும் தச்சர்கள் அவளைக் கும்பிடுகிறார்கள், கோயிலில் விதவிதமான ஒகமே முகங்கள் காட்சிக்கு இருக்கின்றன.

இந்தக் கதை தெரிந்தபிறகு அந்தச் சின்னஞ்சிறு வாயை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. அம்மா கேட்ட கேள்வி எவ்வளவு சரி! யோசனை சொன்ன வாயை மூடி, சிரிக்கிற முகத்தை மட்டும் முகட்டில் ஏற்றியிருக்கிறார்கள்.

கியோகென் என்ற அவர்களுடைய நகைச்சுவை நாடகத்தில் ஒத்தோ என்ற முகமூடி உண்டு, ஒகமேயின் சகோதரி என்றே சொல்லலாம். தூண்டில் என்று பொருள்படும் ஒரு நாடகத்தில், தெய்வம் கொடுத்த தூண்டிலைப் போட்டு எஜமானுக்கு மனைவி பிடித்துக் கொடுக்கிறான் வேலைக்காரன். கடைசியில் தனக்கும் ஒருத்தியைப் பிடித்து முக்காட்டை நீக்கினால் இந்த முகம். அலறிக்கொண்டு ஓடுகிறான், அவள் துரத்துகிறாள். மேடையில் எல்லாரும் ஆண்கள்தான். இதில் ஒத்தோவுக்குத் துரத்தும் உரிமையாவது இருக்கிறது. ஒகமேயைவிட இது மேல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் பக்கம் வருவோம். பாலக்காட்டு மண் கதகளிக்குத் தாய்வீடு. கல்லுவழி மரபு இங்கேதான் தழைத்தது. கதகளியில் முகமூடி கிடையாது, முகத்தெழுத்துதான். என்றாலும் பெண்கரி வேடத்தின் முகத்தெழுத்து முகமூடிக்குக் குறைந்ததல்ல. கறுப்பு உடை, பொய்மார்பகம், கன்னத்தில் வெள்ளையும் சிவப்புமாகக் கோலங்கள், அலறல். கார்த்திகைத் திருநாள் ராமவர்மா எழுதிய நரகாசுர வதத்தில் வரும் நக்ரதுண்டி இதற்கு நல்ல உதாரணம். அவள் வந்து உட்கார்ந்து தலைவாரி, கண்ணெழுதி, பொட்டு வைத்து, கண்ணாடி பார்த்துத் தன் அழகில் தானே சொக்கிப் போகும் கட்டம் இருக்கிறதே, கோயில் வளாகத்தில் விடியற்காலைத் தூக்கத்தில் இருப்பவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். நல்ல நடிகர் கையில் அது அரைமணி நேரச் சிரிப்பு. பிறகு அவள் லலிதையாக உருமாறி இந்திரன் மகன் ஜயந்தனிடம் காதல் சொல்கிறாள். அவன் மறுக்கிறான். வாக்குவாதம் முற்றி, அவன் அவள் மூக்கையும் மார்பையும் அறுக்கிறான். இரத்தக் கோலத்தில் ஓலமிட்டு வருகிறாள். அலங்காரம் செய்துகொள்ளும் அசிங்கமானவளைப் பார்த்து நம்மைச் சிரிக்க வைப்பதே, பின்னால் வரும் அறுப்புக்கு நம்மைத் தயார் செய்யத்தான் என்பது என் கருத்து. சூர்ப்பணகையும் இதே வழிதான் போகிறாள். கலையின் உயரத்தில் எனக்கு மதிப்புண்டு, தலைமுறை தலைமுறையாக உழைத்து வளர்த்தவர்கள். ஆனால் பேராசிரியரின் இரண்டாவது சிரிப்புக்கு அங்கே இடமில்லை.

பக்கத்து வீட்டுச் சேச்சி சொன்ன தள்ளை இதற்கு நேர்மாறு.

கும்மாட்டி என்றால் பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் திருவிழாவுக்கே அந்தப் பெயர் வழங்குகிறது. முகமூடி ஆட்டமாக அது பெயர் பெற்றது திருச்சூரில், ஓண நாட்களில். கிழக்கும்பாட்டுக்கரை கும்மாட்டிகளைத் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பீர்கள். உடல் முழுக்கக் கும்மாட்டிப் புல்லைப் பின்னிக் கட்டி, மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய முகமூடி அணிந்து வருவார்கள். முன்காலத்தில் கமுகம்பாளையில் முகம் எழுதிக்கொண்டதும் உண்டு. சிவன், கிருஷ்ணன், நாரதர், அனுமான் என்று தேவர் கூட்டமே வரும். அத்தனை பேருக்கும் நடுவில் தலைமை யாருக்கு என்றால், தடி ஊன்றி வரும் பல்லில்லாக் கிழவி தள்ளைக்குத்தான். ஒட்டிய கன்னம், மேலெழும்பிய தாடை, இரண்டொரு பல் இருந்தால் உண்டு. ஓணவில்லின் தாளத்துக்கு ஆடி வீடுவீடாக வருவாள். சில்லறையோ வெல்லமோ அரிசியோ கொடுத்தால் அடுத்த வீடு. குழந்தைகள் முதலில் பயந்து அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்து, பிறகு அவள் பின்னாலேயே ஓடும்.

தள்ள என்ற சொல்லை இன்றைய மலையாளத்தில் தெருவில் யாரையாவது பார்த்துச் சொன்னால் சண்டை வரும். மரியாதைக் குறைவான சொல்லாகிவிட்டது. ஆனால் அது வேறு யார் சொல்லுமல்ல, நம் சொல்தான். திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டாகப் பழைய உரையாசிரியர்கள், குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றைய குட்டநாடு இன்றைய கேரளத்துக்குள் இருக்கிறது. அவர்கள் காலத்தில் தள்ளை என்றால் அம்மா. அம்மா என்ற சொல்லே காலப்போக்கில் கிழவியாகி, வசவாகி, கடைசியில் ஓணத்துக்கு ஒருநாள் மட்டும் தேவர்களுக்கு முன்னால் நடக்கும் உரிமையோடு தெருவுக்கு வருகிறது. கும்மாட்டிப் பாட்டுகளில் தள்ளையை விளித்து, எங்கே போகிறாய் என்று கேட்கும் பாட்டும் உண்டு. கேட்பதும் கூட்டம், அவளுக்காகப் பதில் பாடுவதும் கூட்டம். மரமுகத்துக்குள் இருப்பவர் வாய் திறப்பதில்லை. ஆனாலும் இவளை யாரும் அறுப்பதில்லை, விரட்டுவதில்லை. வாசலில் வந்து நின்றால் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். ஒகமேயைவிட இவளுக்கு அதிகாரம் கூடுதல். சேச்சியின் கண் பிடித்தது இதைத்தானோ என்னவோ: சிரிப்பாகவும் மங்கலமாகவும் வீட்டு வாசலுக்கு வரும் ஒரு பெண் முகம்.

முகமூடிக்குள் இருப்பது வழக்கமாக ஆண். புலிகளியில் 2016இல் பெண்கள் வேடமிட்டு இறங்கியபோது திருச்சூர் எவ்வளவு பேசியது என்பது நினைவிருக்கும். தள்ளையை ஒரு பாட்டியே ஆடினால் எப்படியிருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.

என் தராசில் அதிக எடை காட்டுவது கதகளியும் கும்மாட்டியும் அல்ல, பொறாட்டு நாடகம். இதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் எழுதவில்லை என்ற குறை எனக்கு உண்டு. பாலக்காட்டுப் பாணர் சமூகத்தார் ஆடும் ஆட்டம். இரவு முழுக்க நடக்கும். மத்தளமும் இலத்தாளமும் முழங்கும். பாட்டும் பேச்சும் பாதி தமிழ், பாதி மலையாளம். எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. வேலந்தாவளத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் சந்தையில் நாம் பேசும் அதே மொழி. தாசி, குறத்தி, வண்ணாத்தி, செருமி, சக்கிலிச்சி என்று ஒவ்வொரு ஜோடியாக வருவார்கள். பெண் வேடமும் மரபாக ஆண்களே கட்டினார்கள். கூடவே சோத்தியக்காரன் என்று ஒருவன். சோத்தியம் என்றால் மலையாளத்தில் கேள்வி. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கு அண்ணன் தம்பி முறை. வருகிறவரையெல்லாம் நிறுத்தி யார் நீ, எந்த ஊர், என்ன சாதி, ஏன் வந்தாய் என்று குடைவது அவன் வேலை.

நான் முதல் முதலாகப் பார்த்தது நெம்மாறை பக்கத்தில் ஓர் அறுவடை முடிந்த வயலில். வேலைக்குச் சேர்ந்த புதிது. குறத்தி வந்தாள். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாளாம். சோத்தியக்காரன் அவள் நடையை, உடையை, பேச்சை, சாதியை எல்லாவற்றையும் பிடித்துக் கேள்வி கேட்டான். இரட்டை அர்த்தம் தாராளம். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறவர்கள் நெளிவார்கள். ஆனால் அவன் ஒன்று கேட்டால் அவள் ஒன்பது சொன்னாள். அவன் குலத்தைக் கேட்டால் அவள் அவன் வீட்டுக் கதையை எடுத்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் யார் யாரை எள்ளுகிறார்கள் என்றே தெரியவில்லை. பிறகு குறவன் தேடி வருவான், அவனும் கேள்விக்கு ஆளாவான், கடைசியில் சோத்தியக்காரனே நடுவிலிருந்து இருவரையும் சேர்த்து வைத்து அனுப்புவான். பெரிய தத்துவமெல்லாம் இல்லை. ஆனால் பதில் சொல்லாமல் எந்தப் பெண்ணும் அந்த மேடையை விட்டுப் போவதில்லை.

இந்த அமைப்பு நமக்குப் புதிதல்ல என்பதைத் தமிழ் படித்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் சிங்கியைத் தேடி அலைந்து கடைசியில் கண்டுபிடிக்கிறான். அவள் மேலிருக்கும் நகைகளைப் பார்த்து இது என்ன, அது என்ன என்று மிரண்டு மிரண்டு கேட்கிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்கிறாள். சிரிப்பு முழுக்க அவன் பக்கம், விவரம் முழுக்க அவள் பக்கம். குறி சொல்லி நாடெல்லாம் சுற்றிச் சம்பாதித்து வந்தவள் அவள்தானே! பொறாட்டுக் குறத்திக்கும் இந்தச் சிங்கிக்கும் நேரடி உறவு இருக்கிறதா என்பதை ஆய்வு மாணவர் யாராவது முறையாக ஆராய்ந்தால் நல்லது. குடும்ப ஜாடை தெளிவாகத் தெரிகிறது என்ற அளவோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

சித்தூர், ஆலத்தூர்ப் பக்கங்களில் நாயர் சமூகத்தார் ஆடும் கண்யார்களியிலும் பொறாட்டு உண்டு. பகவதிக்கு முன்னால் பல இரவுகள் நடக்கும் ஆட்டம். ஆண்டிக்கூத்து, வள்ளோன், மலமக்களி என்று நாளுக்கொரு பெயர். தமிழ்ப் பாட்டும் ஏராளம். அங்கும் குறவன் குறத்தி வருவார்கள், மலைவாழ் மக்கள் வருவார்கள். ஒரே வேடம்தான், ஆனால் உள்ளே இருக்கும் ஆள் வேறு. பாணர் ஒருவர் குறத்தியாக வந்து கேள்விக்குப் பதில் கொடுப்பதும், நிலமுடைய குடும்பத்தார் குறத்தியாக வருவதும் ஒன்றா? வருடத்தில் சில நாட்களாவது மேல்சாதியார் கீழ்ச்சாதியார் உடையைத் தரித்துத் தேவி முன் நிற்கிறார்களே, அது சமத்துவம் அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கலாம். நான் முழுதாக ஒப்பவில்லை. உடையைத் தரிக்கிறவர் விடிந்ததும் கழற்றிவிடலாம். அந்த உடைக்குரியவளுக்கு அந்த வசதி கிடையாது. ஆட்டத்தின் அழகை மறுக்கவில்லை, கால்வைப்பும் தாளமும் அபாரம். நம்மவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பார்க்க வேண்டும்.

இடுக்கிக்கு வருகிறேன். அங்கே கோவில்மலையில் மன்னான் மக்கள் கூத்தில் கோவலன் கண்ணகி கதையைத் தமிழ்ப் பாட்டாகவே வைத்திருக்கிறார்கள். குமுளிக்கு மேலே மங்கலதேவி மலையில் சித்திரைப் பௌர்ணமிக்கு இரு மாநிலத்தாரும் ஏறுகிறார்கள். கண்ணகி நகைச்சுவைப் பாத்திரம் அல்ல, உண்மைதான். ஆனால் அவள் யார்? அயலூர் அரசவையில், அதிகாரத்துக்கு முன்னால் தனியாக நின்று கேட்க வேண்டியதைக் கேட்டவள். அந்த மலைக்கு மிகத் தொலைவில்லாத தேயிலைக் காட்டில் வேலை செய்யும் பெண்ணைத்தான் நம் நாடகம் ஆபீசுக்கு அனுப்பி, ஒன்றும் சொல்ல விடாமல் திருப்பி அனுப்பியது.

2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாள் கூலி 232 ரூபாய். போனஸைக் குறைத்தார்கள். தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை, அத்தனை பேரும் ஆண்கள், கிட்டே வர வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் வாங்கினார்கள். பொம்பிளை ஒருமை என்று பெயர். அந்தப் பெயரே ஓர் எல்லைப்புறப் பெயர். பொம்பிளை நம் லயத்துத் தமிழ். ஒருமை என்றால் பள்ளிக்கூடத் தமிழில் பன்மைக்கு எதிர்ப்பதம், மலையாளத்திலோ ஒரும என்றால் ஒற்றுமை. பல ஆயிரம் பேர் சேர்ந்து ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டதை இலக்கண ஆசிரியனாக நான் மிகவும் ரசித்தேன். அந்த நாட்களில் மலையாளச் செய்திச் சேனல்களில் ஒரு மாற்றம் பார்த்தேன். மேடைகளிலும் சினிமாவிலும் பாண்டி என்று கேலிக்கு ஆளாகிவந்த அதே பேச்சு, அதே வெற்றிலை வாய், அதே படங்கு. இப்போது மைக் அதன் முன்னால் நீண்டிருந்தது. நிருபர்கள் கேள்வி கேட்டார்கள், அவர்கள் பதில் சொன்னார்கள். சோத்தியக்காரனும் குறத்தியும்தான் போங்கள். சில பதில்களுக்கு அவர்களே முதலில் சிரித்தார்கள்.

அம்மா அப்போது டிவி முன்னாலிருந்து எழவே இல்லை. தன்னோடு நிரை பிடித்தவர்களின் பெண்மக்களும் மருமக்களும் தெரிகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே இளைஞர் அணியினரை நான் கேலி வேடமே போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எஸ்டேட் கிழவியை மேடையிலிருந்து அகற்றிவிட்டு, பட்டுப்புடவை கட்டிய தமிழ்த்தாயை மட்டும் நிறுத்தினால் அது இன்னொரு ஒகமே ஆகிவிடும். சிரித்த முகம், மூடிய வாய். வெற்றிலையும் பல்லும் படங்கும் இருக்கட்டும். அவை பொய்யல்ல, என் அம்மாவிடம் எல்லாம் இருந்தன. அந்த நாடகத்தின் குறை, கிழவியைக் கேலி செய்ததில் இல்லை. கேள்வி கேட்க மூன்று பேரை வைத்தவர்கள், பதிலுக்கு ஒரு வரிகூட எழுதாததில் இருக்கிறது. மலையாளம் தெரியாதவள் பேச்சற்றவள் என்று நாமே, நம் மேடையிலேயே ஒப்புக்கொண்டதில் இருக்கிறது.

இதைச் சென்ற மாதம் அந்தப் பையன்களிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை, நல்ல பிள்ளைகள். "அப்போ நீங்களே பதில் எழுதிக் குடுங்க சார்" என்றார்கள். எனக்கு இலக்கணம் வரும், ஏச்சு வராது. அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரியாக நடிக்கும் பையன் தன் வசனத்தைச் சொல்லச் சொல்ல, கட்டிலில் சாய்ந்தபடி அம்மா பதில் கொடுத்தார். முதல் இரண்டு பதில் கங்காணிக்குச் சொன்னதாம், மூன்றாவது ஒரு பழைய மானேஜருக்கு மனசுக்குள் மட்டும் சொன்னதாம். பையன்கள் போனில் பதிவு செய்துகொண்டார்கள். அதிகாரியாக நடிப்பவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அடுத்த கேள்வியை மறந்துவிட்டான். "கேளு ராசா, நிறுத்தாதே" என்றார் அம்மா.

அந்த வசனங்களை இங்கே எழுதினால் மலர்க் குழு வெட்டிவிடும். விழாவின் இரண்டாம் நாள் மாலை ஆறரை மணிக்கு நாடகம். அட்டை முகமூடிக்குப் பதிலாக இந்தத் தடவை கமுகம்பாளையில் செய்திருக்கிறார்கள், பேசும்போது வாய் மறைக்காமலிருக்கக் கீழ்ப்பக்கத்தை வெட்டிவிட்டு.